மதுவின் அளவும் மருந்தின் அளவும்

கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், வடமொழியில் நகைச்சுவை நாடகம் ஒன்றை எழுதினான். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்பது அதன் பெயர். கதை நிகழும் களம் காஞ்சி நகரத்துத் தெருக்களே. துறவுக்கோலம் பூண்ட சத்தியசோமன் என்பவன் குடிமயக்கத்தில் மதுக்கடையை வேள்விச்சாலைக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறான். சிறிது நேரத்தில் தன் பிச்சைப் பாத்திரம் காணாமற் போனதை உணர்கிறான். எங்கே விட்டோம் என்பது நினைவில் இல்லை. வழியில் வந்த பௌத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துச் சண்டையிடுகிறான். உண்மையில் அப்பாத்திரத்தைக் கவ்விச் சென்றது ஒரு தெருநாய். தன் காலத்துப் போலித்துறவிகளை எள்ளுவதே மன்னனின் நோக்கம். ஆயினும், மது மனிதனின் மதிப்பீட்டுத் திறனை எவ்வாறு முதலில் பறிக்கிறது என்பதற்கு அந்நாடகம் நல்லதொரு சான்றாகவும் அமைந்துவிட்டது.

மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலம் ஏறத்தாழ 600 முதல் 630 வரை என்பர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான், கடலுக்கு அப்பால் மதீனாவில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தலைமையில் ஒரு சமூகம் மதுவிலிருந்து படிப்படியாக விடுபட்டுக் கொண்டிருந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான். மதுவுக்கும் மனித அறிவுக்கும் உள்ள உறவு யாது? அதில் 'அளவு' என்பதற்கு இடம் உண்டா?

அக்கேள்வி இன்று மருத்துவ உடையணிந்து நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. "மிதமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லதாமே, ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்களே" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நம் இளைஞர்களும் கேட்கிறார்கள். "மார்க்கம் தடுத்திருக்கிறது" என்னும் ஒரு விடையோடு நாம் பலவேளை நிறுத்திக் கொள்கிறோம். இறைநம்பிக்கையாளனுக்கு அவ்விடை போதுமானதே. ஆயினும் கேட்கப்பட்டது மருத்துவக் கேள்வி. அதற்கு மருத்துவ விடையும் இருக்கிறது. அதை அறியாதிருப்பதால் உயிரிழப்பும் நேரலாம் என்பதே இக்கட்டுரையின் கவலை.

நன்மையை மறைக்காத வேதம்

மதுவைப் பற்றிய இறைவசனங்கள் அருளப்பட்ட வரிசை நம் வாசகர்கள் அறிந்ததே. பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து போதைப்பொருளும் நல்லுணவும் பெறப்படுவதை மக்காவில் அருளப்பட்ட வசனம் (16:67) சுட்டியது. பின்னர், மதுவிலும் சூதாட்டத்திலும் பெரும் பாவமும் மனிதர்க்குச் சில பயன்களும் உள்ளன என்றும், பாவம் பயனைவிடப் பெரிது என்றும் ஒரு வசனம் (2:219) அறிவித்தது. அதையடுத்துப் போதையில் தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது (4:43). இறுதியாக முழுத் தடை வந்தது (5:90–91).

இவற்றுள் இரண்டாவது கட்டம் நம் சிந்தனைக்குரியது. பயனே இல்லை என்று வேதம் கூறவில்லை. பயனையும் தீங்கையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, எது கனமானது என்று காட்டுகிறது. எனவே, மதுவில் ஏதோ ஒரு நன்மை இருப்பதாக ஓர் ஆய்வு கூறினால் நாம் பதற்றமடைய வேண்டியதில்லை. அதை மூடி மறைக்க வேண்டியதுமில்லை. இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' மருத்துவ நூலிலும் மதுவின் உடல்விளைவுகள் பேசப்படுகின்றன. 'ஆல்கஹால்' என்னும் சொல்லே அரபுமொழியின் 'அல்குஹ்ல்' என்பதிலிருந்து பிறந்தது. கண்ணுக்கு இடும் சுர்மாவின் நுண்பொடியைக் குறித்த அச்சொல், ஐரோப்பிய மொழிகளில் நுழைந்து, எதன் சாரத்தையும் குறிப்பதாக விரிந்து, முடிவில் மதுவின் சாரத்துக்கே உரியதாகிவிட்டது. ஆராய்வதை நம் முன்னோர் அஞ்சியதில்லை.

'அளவு' என்பது எவ்வளவு?

மிதமாகக் குடித்தல் என்று மருத்துவ நூல்கள் கூறுவதும் நம் ஊர்த் தெருமுனையில் கூறப்படுவதும் ஒன்றா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று போதும்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் இறுதி முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. அங்கு விற்கப்படும் பிராந்தி, விஸ்கி வகைகளில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. மக்கள் 'குவாட்டர்' என்று அழைக்கும் குப்பி 180 மில்லிலிட்டர் கொண்டது. எனவே அதிலுள்ள தூய ஆல்கஹால் சுமார் 77 மில்லிலிட்டர். எடையில் ஏறத்தாழ 61 கிராம்.

இதை வெளிநாட்டு அளவுகோல்களோடு ஒப்பிடுவோம். பிரித்தானிய மருத்துவ அதிகாரிகள் 2016இல் வகுத்த வரம்பு, ஒரு வாரம் முழுவதற்கும் 14 அலகு. அலகுக்கு 8 கிராம் வீதம் 112 கிராம். நம் ஊர்க் கணக்கில் இரண்டு குவாட்டர் அந்த வார வரம்பைத் தாண்டிவிடும். கனடா நாட்டின் போதைப் பழக்க ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட அறிவுரையில், வாரத்துக்கு இரண்டு அலகு வரையே அபாயம் குறைவு என்றது. அது ஏறத்தாழ 27 கிராம். அதாவது ஒரு குவாட்டரில் பாதிகூட இல்லை. "நாள்தோறும் ஒரு குவாட்டர்தான், அதற்கு மேல் தொடமாட்டேன்" என்பவர் தம்மை அளவோடு இருப்பவராகவே எண்ணுகிறார். அறிவியலின் ஏட்டில் அவர் பெருங்குடியர்.

காலக்கணக்கும் உண்டு. மனித உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அகற்ற வல்லது. மோர் குடித்தாலும், குளிர்ந்த நீரில் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. இதன்படி ஒரு குவாட்டர் உடலிலிருந்து நீங்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு அருந்தியது, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும் வேளையிலும் இரத்தத்தில் தங்கியிருக்கலாம். "மாத்திரையை மதுவோடு சேர்த்து விழுங்கவில்லை, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போட்டேன்" என்னும் சமாதானம் எவ்வளவு பொருளற்றது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

இதயத்துக்கு நன்மை என்ற கதை

இனி, மிதமான மது இதயத்தைக் காக்கும் என்ற கருத்து எவ்வாறு பிறந்தது என்று காண்போம். பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் மாரடைப்புக்குக் குறைவாகவே ஆளாகிறார்கள் என்ற செய்தி 1990களின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ 1992இல் எழுதிய கட்டுரை, அதற்குத் திராட்சை மது காரணமாக இருக்கலாம் என்றது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும், அறவே குடிக்காதவர்களைவிடச் சிறிதளவு குடிப்பவர்கள் சற்று நீண்டநாள் வாழ்வதாகத் தோன்றியது.

ஆனால் அவ்வொப்பீட்டில் ஒரு குறை இருந்தது. பிரித்தானிய ஆய்வாளர் ஷேப்பர் 1988லேயே அதைச் சுட்டிக்காட்டினார். 'குடிக்காதவர்' என்ற பட்டியலில், உடல் கெட்டுப்போனதால் குடியை நிறுத்தியவர்களும் அடங்கியிருந்தனர். நோயாளிகளை ஒரு தட்டில் வைத்தால் மறுதட்டில் இருப்பவர் ஆரோக்கியமானவராகத் தோன்றுவது இயல்பே. மேலும், மேலைநாடுகளில் அளவோடு குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியும் கல்வியும் நல்லுணவும் வாய்த்தவர்கள். அவர்களது நலத்துக்குக் காரணம் கோப்பையா, வாழ்க்கை வசதியா என்று பிரித்தறிவது கடினம். இத்தகைய குறைகளைக் களைந்து 107 ஆய்வுகளை மறுமதிப்பீடு செய்து 2023இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, சிறிதளவு குடிப்பவர்களுக்கு ஆயுள் நன்மை ஏதும் உறுதியாகவில்லை என்ற முடிவுக்கு வந்தது. சீனாவில் ஐந்து இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, பிறவியிலேயே மது ஒவ்வாத மரபணு உடையவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டது. மது கூடக்கூடப் பக்கவாத அபாயமும் கூடியதே தவிர, மிதமான அளவில் அது குறையவில்லை என்று அது கண்டது.

இவ்விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று கூறுவது நேர்மையாகாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு ஒன்று 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, மிதமாகக் குடிப்பவர்களிடம் ஒட்டுமொத்த இறப்பு சற்றுக் குறைவாகக் காணப்படுவதாகவே கூறியது. அதே அறிக்கை, பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதையும் குறித்தது. ஐயத்தைத் தீர்க்கவல்ல பெரும் நேரடிச் சோதனை ஒன்று அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, 2018இல் பாதியில் கைவிடப்பட்டது. அதற்கான நிதியை மது நிறுவனங்களிடமிருந்து பெற அதிகாரிகளே முயன்றிருந்தனர் என்பது வெளிப்பட்டதே காரணம்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி வேறொன்று. 52 நாடுகளில் மாரடைப்பின் காரணங்களை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, உலக அளவில் மதுவுக்குச் சிறு நன்மை இருப்பதாகக் கண்டபோதும், தெற்காசியரிடம் அந்த நன்மையைக் காணவில்லை. அதாவது, பாரிஸ் நகரத்தாருக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் காஞ்சிபுரத்தாருக்குப் பொருந்தவில்லை. உலக சுகாதார நிறுவனமோ 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று கூறத்தக்க மதுவின் அளவு எதுவும் இல்லை என்று அறிவித்தது.

கல்லீரலில் நடப்பது

அவ்வறிவிப்புக்கு முதன்மைக் காரணம் புற்றுநோய். மது குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகிறது. அங்குள்ள நொதி ஒன்று அதை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. மற்றொரு நொதி அந்நச்சைத் தீங்கு குறைந்த அசிட்டேட்டாக மாற்றி வெளியேற வழிசெய்கிறது. இரண்டாவது வேலை முடியும் வரை நச்சுப்பொருள் உயிரணுக்களின் மரபுப்பொருளைத் தாக்கிக் கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுவை ஐயத்துக்கிடமின்றிப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களோடு மதுவுக்கு உறவு உண்டு. புகையிலையும் உடன் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய்களின் அபாயம் பன்மடங்காகும். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்கிவருகிறது. இந்நோய்களுக்குரிய சிகிச்சை ஊருக்கு வெகு அருகிலேயே இருக்கிறது; அவற்றின் காரணங்களுள் ஒன்று அதைவிட அருகில், தெருமுனையிலேயே கிடைக்கிறது.

மாத்திரைகள் நிறைந்த வீடுகள்

மதுவை அகற்றும் கல்லீரலே நாம் உட்கொள்ளும் பெரும்பாலான மருந்துகளையும் கையாள்கிறது. ஒரே தறியில் ஒரே வேளையில் இரண்டு சேலைகளை நெய்ய முடியாது. இரண்டும் வந்து குவியும்போது ஒன்று தேங்கும், அல்லது பிழைபடும்.

இது பழங்காலத்தில் இவ்வளவு பெரிய சிக்கலாக இருக்கவில்லை. இன்றோ ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் மாத்திரை உண்பவர் ஒருவர் இருக்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ, தமிழ்நாட்டு ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் குடிப்பதாகக் கூறுகிறது. இவ்விரு கூட்டமும் வெவ்வேறு மனிதர்கள் அல்லர்.

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமரும் நடுவயது நெசவாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காலையிலிருந்து குழியில் கால்களைத் தொங்கவிட்டு, குனிந்தே இழை பார்த்த முதுகுவலி. அதற்கு ஒரு வலிமாத்திரை. நீரிழிவுக்கு இரவு உணவுக்கு முன் ஒரு கிளிமிபிரைடு மாத்திரை. உடல் அசதிக்கு ஒரு குவாட்டர். பசி மந்தமாகி, உண்ணாமலே படுத்துவிடுகிறார். இங்கு நடப்பது என்ன? மாத்திரை கணையத்தைத் தூண்டி இரத்தச் சர்க்கரையை இறக்குகிறது. அப்படி இறங்கும்போது கல்லீரல் புதிய சர்க்கரையைச் செய்து ஈடுகட்ட வேண்டும். மதுவைக் கையாளும் கல்லீரலால் அது இயலாது. நள்ளிரவுக்குப் பின் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்குகிறது. வியர்க்கிறது, நா குழறுகிறது, கூப்பிட்டால் பொருந்தாத மறுமொழி, பின்னர் மயக்கம்.

இந்த அடையாளங்கள் யாவும் குடிமயக்கத்தின் அடையாளங்களே என்பதுதான் கொடுமை. "குடித்துவிட்டுக் கிடக்கிறார், விடிந்தால் தெளிந்துவிடும்" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். தெருவோரத்தில் விழுந்தால் ஊராரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து செல்கின்றனர். சில மணி நேரம் அப்படியே நீடித்தால் மூளை நிலையாகப் பாதிக்கப்படும், உயிரும் போகலாம். நினைவிருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும், நினைவில்லையேல் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஊர்தியை அழைப்பதும் அந்த உயிரைக் காக்கும். இன்சுலின் போடுபவர்க்கும் இதே அபாயம் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர்க்குச் சர்க்கரை இவ்வாறு இறங்குவது அரிது. ஆயினும் பெருமளவு மது சேர்ந்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் அபாயம் உண்டு.

ஏனைய மருந்துகளையும் சுருக்கமாகக் காண்போம்.

தூக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம் போன்றவையும், டிரமடால் முதலிய கடும்வலி மருந்துகளும் மூளையை மந்தப்படுத்துபவை. மதுவும் அதையே செய்கிறது. இரண்டும் சேரும்போது உறக்கத்திலேயே மூச்சு தளர்ந்து நின்றுவிடக்கூடும். சளிக்கு உண்ணும் குளோர்ஃபெனிரமின் போன்ற எளிய மாத்திரைகூட மதுவோடு சேர்ந்தால் வண்டி ஓட்டுபவரின் கண்ணைச் சொருகச் செய்யும்.

ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் ஆகிய வலிமாத்திரைகள் இரைப்பையின் உட்சவ்வை அரிப்பவை. மது உடன் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகும். தீங்கற்றதாகக் கருதப்படும் பாராசிட்டமாலும் விலக்கன்று. அதன் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சாக மாறுகிறது. நாள்தோறும் குடிப்பவரின் உடலில் அவ்வாறு மாற்றும் நொதி பெருகியிருக்கும். அந்நச்சை முறிக்கும் பொருளோ குறைந்திருக்கும். எனவே பிறருக்குத் தாங்கும் அளவு அவருக்குத் தாங்காமற் போகலாம்.

இதயநோயாளிகள் நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைகளும் மதுவும் இரத்தக்குழாய்களை ஒருசேர விரித்து இரத்த அழுத்தத்தைத் திடீரென இறக்கும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் உண்பவர்களுக்கு மது அம்மருந்தின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ தடுமாறச் செய்யும்.

காசநோய்க்கான மருந்துகளைத் தனியே குறிப்பிட வேண்டும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. மது உடன் சேர்ந்தால் அப்பாதிப்பு மிகுகிறது. மருந்தை நிறுத்த நேர்கிறது. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறுகிறது. வீட்டிலேயே வைத்துக் காசநோய்க்குச் சிகிச்சை தர இயலும் என்பதை 1950களின் பிற்பகுதியில் உலகுக்கு நிறுவிக்காட்டியது சென்னைதான். அந்தச் சாதனை நோயாளி மருந்தை இடைவிடாது உண்பதில் நிற்கிறது.

வயிற்றுப்போக்குக்கும் பல்நோய்க்கும் தரப்படும் மெட்ரோனிடசோல், டினிடசோல் மாத்திரைகளோடு மது கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது வழக்கம். முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு நேரலாம் என்பதே காரணம். இவ்விளைவு எல்லாருக்கும் நேர்வதன்று என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கூறினும், மருந்துறையின் எச்சரிக்கையைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது.

மறைப்பதால் வரும் கேடு

இதுவரை கூறியதைப் படிக்கும் நம் வாசகர், "இது நம் வீட்டுச் செய்தியன்று" என்று எண்ணக்கூடும். ஒலிமுகமதுபேட்டையானாலும் வேறு எந்த ஊரின் முஸ்லிம் தெருவானாலும், மது விலக்கப்பட்டது என்பதை அறியாத பிள்ளை இல்லை. ஆனால் அறிந்தவர் அனைவரும் விலகியிருக்கின்றனர் என்று நாம் நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமா? மற்றச் சமூகங்களில் குடிப்பவர் குடிப்பதாகச் சொல்லிவிடுகிறார். நம்மிடையே குடிப்பவர் மறைக்கிறார். மனைவி அறிந்தும் மறைக்கிறார். மருத்துவர் "பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்கும்போது, தொப்பியையும் தாடியையும் பார்த்து அவரே அக்கேள்வியை விட்டுவிடுவதும் உண்டு. உடன்வந்த பெரியவர், "எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை" என்று முந்திக்கொள்வதும் உண்டு. குடும்ப மானம் காக்கப்பட்டுவிட்டது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையோ அந்தப் பொய்யை நம்பி எழுதப்பட்டது.

பாவத்தை ஊரறியப் பறைசாற்றுவதை மார்க்கம் விரும்பவில்லை என்பது உண்மையே. ஆனால் மருத்துவரிடம் உண்மை கூறுவது பறைசாற்றலன்று; அது சிகிச்சையின் ஒரு பகுதி. மருத்துவர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர். அவரோடு தனித்துப் பேச நோயாளிக்கு இடமளிப்பது குடும்பத்தார் செய்யத்தக்க சிறு உதவி.

மறைவின் இன்னொரு முகம் இதைவிட அபாயமானது. குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம் என்ற விளம்பரங்களை நம்பிக் கண்ணீரோடு பொடிகளை வாங்கும் தாய்மாரும் மனைவியரும் இருக்கின்றனர். டைசல்ஃபிராம் என்னும் மருந்து நாம் மேலே கூறிய இரண்டாவது நொதியைத் தடுத்து, குடித்தவுடன் நச்சுப்பொருள் உடலில் தேங்கும்படி செய்வது. 1940களின் இறுதியில் டென்மார்க் ஆய்வாளர்கள் அதைக் குடிப்பழக்கச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். நோயாளி முழுதும் அறிந்து, இசைந்து, மருத்துவரின் மேற்பார்வையில் உண்டால் அது பயன்தரும். அறியாதவர் அதை உண்டு, மேலும் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறி, உயிரே போகலாம். அன்பினால் செய்வதாயினும் அது நஞ்சூட்டலுக்கு ஒப்பானதே.

ரமளானையும் இங்குக் கருத வேண்டும். பிறை கண்டதும் பல்லாண்டுப் பழக்கத்தை ஒரே இரவில் விட்டுவிட உறுதி கொள்பவர் பாராட்டுக்குரியவரே. ஆனால் நாள்தோறும் பெருமளவு குடித்துவந்த உடல், திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றுக்கு ஆளாகலாம். தக்க சிகிச்சை இல்லையேல் அது மரணத்திலும் முடியக்கூடும். எனவே அத்தகையவர் நிறுத்தும் முன்பே மருத்துவரைக் காண்பது கட்டாயம். நிய்யத்து தூய்மையாக இருந்தால் போதாது. வழியும் அறிந்திருக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அவர்கள் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிவருகிறது. 14416 என்ற அரசு மனநலத் தொலைபேசி எண்ணிலும் தமிழில் ஆலோசனை பெறலாம்.

மருந்துக்குள் இருக்கும் மது

மதுவையே தொடாதவர்க்கும் ஒரு வினா எஞ்சியிருக்கிறது. சில இருமல் மருந்துகளிலும் ஓமியோபதித் துளிகளிலும் ஆல்கஹால் கலந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் தசமூலாரிஷ்டம், திராட்சாசவம் போன்ற அரிஷ்ட ஆசவ வகைகளில் புளிப்பேறும்போது ஆல்கஹால் தானே உண்டாகிறது. பத்து விழுக்காட்டையும் அது எட்டலாம். இவற்றை உண்ணலாமா?

மதுவை மருந்தாக்க அனுமதி கேட்டவரிடம், அது மருந்தன்று, நோயே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதே வேளை, கரைப்பானாக ஆல்கஹால் சேர்ந்த இக்கால மருந்துகளைப் பற்றி அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1986இல் அம்மான் நகரில் கூடி ஆராய்ந்தது. ஆல்கஹால் இல்லாத மாற்று மருந்து கிடைக்காதபோது, நம்பிக்கைக்குரிய தேர்ந்த மருத்துவர் எழுதித் தந்தால் அதை உண்ணலாம் என்று அது தீர்மானித்தது. இங்கும் மாற்று உண்டா என்று மருத்துவரையும் மருந்தாளுநரையும் கேட்பதே முதற்கடமை. பெரும்பாலான மருந்துகளுக்கு மாற்று இன்று எளிதில் கிடைக்கிறது. டைசல்ஃபிராம் உண்பவர்கள் அரிஷ்ட ஆசவங்களையும் தவிர்த்தாக வேண்டும்.

தராசின் முள்

அதிகமாக உண்டால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்பது நபிமொழியின் கருத்து. சட்டநூல்களில் நாம் இதைப் படித்திருக்கிறோம். இதன் உலகியல் நியாயத்தை இக்கட்டுரையின் வழி ஓரளவு உணரலாம். சிறிதளவு என்பது எல்லார்க்கும் ஒரே அளவன்று. நீரிழிவுக்காரருக்கு ஓர் அளவு. காசநோய் மருந்து உண்பவருக்கு ஓர் அளவு. தூக்க மாத்திரை உண்ணும் முதியவருக்கு இன்னோர் அளவு. அந்த அளவைக் கணிக்க வேண்டிய அறிவையே மது முதலில் மங்கச் செய்கிறது. காஞ்சித் தெருவில் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு வழிப்போக்கரைக் குற்றஞ்சாட்டிய சத்தியசோமனுக்கு நேர்ந்ததும் அதுவே.

ஆய்வுகள் நாளை வேறு முடிவு கூறினும் கூறலாம். நம் விலகல் ஆய்வுகளை நம்பி நிற்பதன்று. ஆனால் நம் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ ஒருவர் இன்றிரவு மாத்திரையும் மதுவுமாக இருக்கக்கூடும். அவரை வெறுத்து ஒதுக்குவதைவிட, அருகில் அமர்ந்து இரண்டு செய்திகளைச் சொல்வது நம் கடமை. மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்பது ஒன்று. விட நினைத்தால் துணைக்கு நாங்கள் இருக்கிறோம் என்பது மற்றொன்று. தெருவோரம் விழுந்து கிடப்பவரைக் குடிகாரர் என்று கடந்து செல்லுமுன், ஒரு கணம் நின்று பார்ப்பதும் அக்கடமையைச் சேர்ந்ததே.